கணக்கு நோட்டு யார் கையில்?

ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு ரூபாய். செங்கல் சூளையில் கூலிக் கணக்கு இந்த ஒரு வரியில் தொடங்குகிறது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் கழித்தல்தான். மழையில் கரைந்த கல் கழிவு, உடைந்த கல் கழிவு, வாராவாரம் அரிசி பருப்புக்கு வாங்கிய செலவுக்காசு கழிவு, சொந்த ஊரில் லாரி ஏறும்போது மேஸ்திரி கையில் திணித்த முன்பணம் கழிவு. எல்லாம் ஒரு நோட்டில் இருக்கும். நோட்டு மேஸ்திரியிடம் இருக்கும்.

மழைக்காலம் நெருங்கி வேலை நிற்கும்போது கணக்குப் பார்ப்பார்கள். புருஷனும் பெண்டாட்டியும் மாதக்கணக்கில் விடியலுக்கு முன்னே எழுந்து மண் குழைத்து அறுத்த கல் அத்தனையும் போக, இன்னும் பாக்கி இருக்கிறது என்று மேஸ்திரி வாசிப்பார். அந்தப் பாக்கி அடுத்த சீசனுக்குத் தலையில் ஏறும். வாசித்ததுதான் நோட்டில் இருக்கிறதா? எட்டிப் பார்க்கலாம், பார்த்து என்ன பயன்? கொத்தடிமை முறையை ஒழித்து 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின்படி இப்படிப்பட்ட கடன் செல்லாது. ஆனால் சட்டத்தின் கதவைத் தட்டுவதற்கு முன்னால், தன் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

வயது வந்தோர் கல்வியைப் பற்றிப் பேச வேண்டிய இடம் இதுதான். நாமோ வேறு இடத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாளில், பொக்கைவாய்ப் பாட்டி ஒருவர் சிலேட்டைப் பிடித்துச் சிரிக்கும் படம் பத்திரிகைகளில் வருகிறது. 2018-ல் கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மா 96 வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100-க்கு 98 வாங்கினார். கொண்டாட வேண்டிய செய்திதான். ஆனால் இந்தப் படங்கள் படிப்பை வயதான காலத்து ஆசையாகக் காட்டிவிடுகின்றன. இன்னும் இருபது, முப்பது வருடம் கூலிக்குப் போக வேண்டிய நாற்பது வயதுப் பெண் அந்தப் படத்தில் இல்லை. அவருக்கு எழுத்து ஆசை அல்ல, அரிசி விலை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 சதவீதம். ஆண்கள் 86.77, பெண்கள் 73.44. ஏழு வயதைக் கடந்த பெண்களில் நாலில் ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று பொருள். கன்னியாகுமரியில் 91-ஐத் தாண்டிய விகிதம், தருமபுரியில் 69-ஐக்கூடத் தொடவில்லை. கல் உடைக்கவும் கரும்பு வெட்டவும் செங்கல் அறுக்கவும் குடும்பத்தோடு வெளியூர் போகிறவர்கள் எந்த மாவட்டங்களிலிருந்து கிளம்புகிறார்கள் என்று பார்த்தால், இந்த எண்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்பது புரியும்.

புதுக்கோட்டையில் நடந்தது

உழைக்கும் வயதில் இருப்பவர்களை மையமாக வைத்து ஒரு முயற்சி தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. மத்திய அரசு தேசிய எழுத்தறிவு இயக்கத்தை 1988-ல் தொடங்கியது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் 1990 பிப்ரவரியில் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. புதுச்சேரியில் அறிவொளி இயக்கம் புறப்பட்டது. 1991-ல் அது புதுக்கோட்டைக்கு வந்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ஊழியர்கள், பள்ளி ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள் எனப் பெரும் படையே இறங்கியது. அரசாங்கத் திட்டம் ஒன்று கலைப்பயணமும் பாட்டும் நாடகமுமாக ஊருக்குள் வந்ததைப் புதுக்கோட்டைக்காரர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

அறிவொளிப் பாடநூல் 'அ – அம்மா, ஆ – ஆடு' என்று தொடங்கவில்லை. முதல் பாடமே பட்டா, படி என்றுதான் ஆரம்பித்தது. எழுத எளிதான இரண்டு மூன்று எழுத்துகள். ஆனால் அவற்றைக் கூட்டினால் நிலமும் கூலி நெல்லும் வந்து நிற்கின்றன. பிரேசிலில் பாவ்லோ ஃபிரையிரே 1963-ல் அங்கீகோஸ் என்ற ஊரில் கூலித் தொழிலாளர்களுக்குக் கற்றுக்கொடுத்தபோது கடைப்பிடித்ததும் இதே வழிதான். படிக்கிறவரின் பிழைப்பில் புழங்கும் சொல்லை எடுத்து, அதைப் பற்றி முதலில் பேசவிட்டு, பிறகு எழுத்தாகப் பிரித்துக் காட்டுவது.

புதுக்கோட்டை என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சைக்கிள். படிக்க வந்த பெண்களும் சொல்லிக்கொடுத்த பெண்களும் சைக்கிள் ஓட்டப் பழகியதை இயக்கம் தன் வேலைகளில் ஒன்றாகவே எடுத்துக்கொண்டது. 1992 மகளிர் தினத்தையொட்டி 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் போனார்கள். அறிவொளி நடத்திய சைக்கிள் போட்டிகளில் பொதுமக்கள் முன்னிலையில் ஓட்டிக் காட்டியவர்கள் எழுபதாயிரம் பேர் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். வங்கிக் கடனில் சைக்கிள் வாங்கினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கியவர்கள் உண்டு. முன் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

இதற்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கிராமத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு பஸ். காய்கறியைச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அண்ணனையோ புருஷனையோ கெஞ்ச வேண்டும். சைக்கிள் வந்ததும் விவசாயக் கூலிப் பெண்களும், குவாரித் தொழிலாளர்களும், அங்கன்வாடி ஊழியர்களும், ரத்தினக் கல் பட்டை தீட்டும் பெண்களும் தங்கள் நேரத்துக்குத் தாங்களே கிளம்பினார்கள். பஸ்ஸுக்காகப் போன மணி நேரங்கள் கைக்கு வந்தன. படிப்பு வகுப்பு அந்தத் துணிச்சலைக் கொடுத்ததா, சைக்கிள் கொடுத்த துணிச்சலில் வகுப்புக்கு வந்தார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே கூட்டத்தில் நடந்தன.

சைக்கிளைவிடப் பெரிய காரியம் கல் குவாரியில் நடந்தது. அதுதான் அதிகம் பேசப்படவில்லை. புதுக்கோட்டையின் கல் குவாரிகளில் ஒப்பந்தக்காரர்களிடம் முன்பணம் வாங்கிக் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்களின் குழுக்களுக்கு, மாவட்ட நிர்வாகம் குவாரிகளையே குத்தகைக்கு விட்டது. நேற்றுவரை லோடுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவர்கள், இன்று லோடுக்கு விலை சொல்ல வேண்டியவர்கள் ஆனார்கள். குத்தகைப் பணம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும், எத்தனை லாரி ஏறியது, வங்கியில் யார் கையெழுத்துப் போடுவது என்று எழுத்து அவர்கள் வேலைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த நிலையில் உள்ள ஒருவரை வகுப்புக்கு வாருங்கள் என்று யாரும் அழைக்க வேண்டியதில்லை.

பிறகு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். ஒப்பந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அதிகாரிகள் மாறினார்கள், ஆதரவு குறைந்தது, குழுக்கள் தடுமாறின. குத்தகைப் பத்திரத்தைப் படிக்கத் தெரிவதும் குத்தகையைக் காப்பாற்றும் பலம் இருப்பதும் வேறு வேறு. எழுத்தறிவு வந்தால் வறுமை ஓடிவிடும் என்று மேடையில் பேசுகிறவர்கள் புதுக்கோட்டைக் குவாரிகளின் கதையை முழுதாகப் படிப்பது நல்லது.

ஏறத்தாழ அதே காலத்தில் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இதன் இன்னொரு முகம் தெரிந்தது. எழுத்தறிவுப் பாடநூலில் சாராயக் கடையைப் பெண்கள் மூடவைத்த கதை ஒன்று, சீதம்மா கதை என்ற பெயரில் வந்திருந்தது. தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் அதைப் படித்ததோடு நிற்காமல் தங்கள் ஊர்ச் சாராயக் கடையை மூடவைத்தார்கள். போராட்டம் மாவட்டம் முழுக்கப் பரவி, 1993 அக்டோபரில் மாநிலமே சாராயத்தைத் தடை செய்ய வேண்டியதாயிற்று. கூலி உயர்ந்ததா என்று மட்டும் கேட்டால் இந்தக் கதை கணக்கில் வராது. வாங்கிய கூலி வீடு வந்து சேர்ந்ததா என்று கேட்டால் வரும்.

முதலில் கண்ணாடி

வகுப்புக்குள் போவோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் முதல் நாளே தெரிந்துவிடும். மண்வெட்டியும் சம்மட்டியும் பிடித்துக் காய்த்த விரல்கள் பென்சிலையும் அதே இறுக்கத்தில் பிடிக்கும். சிலேட்டுக் குச்சி படக்கென்று முறியும். 'ட' எழுதுவது சுலபம், இரண்டு கோடுதான். 'ப' வந்துவிடும். 'ழ'வுக்கும் 'ணை'க்கும் மணிக்கட்டு வளைய மறுக்கும். மூன்றாம் நாள் "எனக்குக் கண்ணு புடிபடல தாயி, நீங்க படிங்க" என்று ஒருவர் எழுந்து போவார். சொல்லிக்கொடுக்கிற பெண் இதைக் கூச்சம் என்று நினைத்துக்கொள்வாள்.

பெரும்பாலும் அது கூச்சம் இல்லை, வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டியவருக்குக் கிட்டப் பார்வை மங்குவது இயற்கை. படித்தவர்கள் உடனே கண்ணாடி போட்டுக்கொள்கிறோம். படிக்காதவருக்கு எழுத்தே தேவைப்படாததால் மங்கியதே தெரிவதில்லை. ஊசி கோக்கப் பேத்தியைக் கூப்பிடுவதோடு சரி. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களில் ஒரு பாதிப் பேருக்குக் வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்து, மறுபாதியோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. கண்ணாடி போட்டவர்கள் பறித்த கொழுந்தின் அளவு, மற்றவர்களைவிட ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்திருந்தது. பங்களாதேஷில் நடந்த இதே மாதிரி ஆய்வில், 2024-ல் வெளியான முடிவின்படி, கண்ணாடி கிடைத்தவர்களின் வருமானம் மற்றவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. எழுத்துக்கே போகாமல், வெறும் கண்ணாடியிலேயே இவ்வளவு. எந்த எழுத்தறிவுத் திட்டமும் புத்தகம் அச்சடிப்பதற்கு முன்னால் கண் பரிசோதனை முகாம் நடத்த வேண்டும் என்பது என் கட்சி. செலவும் அதிகம் இல்லை.

அடுத்தது நேரம். வயல் வேலைக்குப் போகிறவருக்குச் சாயங்காலம் ஆறு மணி என்பது அடுப்பு பற்றவைக்கும் நேரம். எட்டரைக்கு மேல்தான் உட்கார முடியும். உட்கார்ந்ததும் தூக்கம் வரும். நடவு, அறுவடைக் காலங்களில் வகுப்பு தானாக நின்றுவிடும். அதனால்தான் நூறு நாள் வேலை நடக்கிற இடத்திலேயே, மதியச் சாப்பாட்டு நேரத்தையொட்டி வகுப்பு எடுப்பது அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டில் பல ஊர்களில் பழக்கமானது. வேலமர நிழலில், சாந்துச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் நோட்டை வைத்து எழுதுவதைப் பார்த்தால் வசதிக் குறைவாகத்தான் தெரியும். ஆனால் அங்கே ஆள் இருக்கிறது.

மூன்றாவது, சொல்லிக்கொடுக்கிறவரின் நாக்கு. பதினெட்டு வயதுப் பெண் நாற்பத்தைந்து வயதுக்காரரிடம் "நேத்து சொன்னேன்ல, அதுக்குள்ள மறந்துட்டீங்களா?" என்று கேட்டால் அடுத்த நாள் அவர் வரமாட்டார். அதே பெண் "அத்தை, இந்த மாச மளிகைச் சீட்டை எடுத்துட்டு வாங்க, அதுல உங்களுக்குத் தெரிஞ்ச எழுத்து எத்தனை இருக்குன்னு பாப்போம்" என்றால் வருவார். கணக்கில் இது இன்னும் முக்கியம். பால் ஊற்றுகிறவர் வீட்டுச் சுவரில் சாணிப் பொட்டு வைத்து மாதக் கணக்கை முடித்தவர், சந்தையில் காலே அரைக்கால் கிலோவுக்குக் காசைக் கண்மூடித் திறப்பதற்குள் சொல்கிறவர், அவருக்கு ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொல்லிக்கொடுப்பது அவமானப்படுத்துவது. அவருக்குக் கணக்குத் தெரியும். அந்தக் கணக்கைத் தாளில் எழுதத்தான் தெரியாது. அதை மட்டும் கொடுத்தால் போதும்.

எவ்வளவு காலம் பிடிக்கும்? தேசிய எழுத்தறிவு இயக்கம் போட்ட கணக்கு, மூன்று பாடநூல்கள், 200 மணி நேரம். முடிவில் நிமிடத்துக்கு 30 சொற்களைச் சத்தமாக வாசிக்க வேண்டும், சொல்வதைக் கேட்டு நிமிடத்துக்கு 5 சொற்கள் எழுத வேண்டும், நூறு வரை எண்களை எழுத வேண்டும், எளிய கூட்டல் கழித்தல் தெரிய வேண்டும். தினம் ஒன்றரை மணி நேரம் என்றால் ஐந்து மாதத்துக்குள் முடிந்துவிடுகிற காரியம். ஒரு நெல் போகம்.

எழுத்து திறக்கும் கதவுகள்

அறநிலையத் துறைக் கோயில்களில் காவலர், கூட்டிப் பெருக்கும் திருவலகு போன்ற பணிகளுக்கு வரும் விளம்பரங்களில் கல்வித் தகுதி என்ற இடத்தில் ஒரே வரிதான் இருக்கும்: தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கோயில் வாசலில் பூக்கட்டிக்கொண்டு இருக்கிறவருக்கும் மாதச் சம்பளத்துக்கும் நடுவே அந்த ஒரு வரி நிற்கிறது. வளைகுடாவுக்குக் கொத்தனாராகவோ வீட்டு வேலைக்கோ போகிறவர் பத்தாம் வகுப்பு தேறாதவர் என்றால், 18 நாடுகளுக்குக் குடிபெயர்வு அனுமதி பெற்றுத்தான் போக முடியும். ஏஜென்ட் ஒருவர் நுழைந்துகொள்வதற்கு வசதியான இடம் அது. லாரி, வேன் ஓட்டுநருக்கு எட்டாம் வகுப்பு கட்டாயம் என்ற விதியை மத்திய அரசு 2019-ல் நீக்கிவிட்டது. நீக்கியது சரிதான், ஸ்டியரிங் பிடிக்கச் சான்றிதழ் எதற்கு? ஆனால் சரக்குடன் வரும் இ-வே பில்லில் என்ன இருக்கிறது என்று தெரியாத ஓட்டுநர் செக்போஸ்ட்டில் யார் சொல்வதையும் கேட்டுக்கொள்ள வேண்டியவராகவே இருக்கிறார்.

இப்போது எல்லாம் போனிலேயே நடக்கிறதே, வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் போயிற்று, எழுத்து எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. ரேஷன் கடையில் பேராசிரியரும்தான் கட்டைவிரல் வைக்கிறார், உண்மை. ஆனால் கூலி வங்கிக்கு வந்ததா என்று சொல்லும் குறுஞ்செய்தியை வாய்ஸ் மெசேஜில் யாரும் அனுப்புவதில்லை. ஏடிஎம் கார்டையும் ரகசிய எண்ணையும் சேர்த்து யாரோ ஒரு தம்பியிடம் கொடுத்து, அவர் எடுத்துத் தருவதை எண்ணாமல் முந்தானையில் முடிந்துகொள்ளும் பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். முன்பு மேஸ்திரியின் நோட்டு. இப்போது திரை. படிக்கத் தெரியாதவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

வேலைக்கான எழுத்தறிவு என்பதை முதலாளிக்கான எழுத்தறிவு என்று புரிந்துகொண்டால் அது தோற்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1965-ல் டெஹ்ரானில் கூடிய உலகக் கல்வி அமைச்சர்கள் மாநாட்டைத் தொடர்ந்து, யுனெஸ்கோ 1967 முதல் 1973 வரை பதினோரு நாடுகளில் தொழிலோடு இணைத்து எழுத்தறிவு கற்பித்துப் பார்த்தது. உற்பத்தியை உயர்த்துவதே குறி. 1976-ல் வந்த மதிப்பீடு, பலன் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை என்று ஒப்புக்கொண்டது. எந்திரத்தின் பாகங்களுக்குப் பெயர் கற்றுக்கொள்ள மட்டும் ஒருவர் இரவில் தூக்கத்தை விட்டு வருவாரா? தன் சம்பளச் சீட்டைப் படிக்க வருவார், பிள்ளையின் ரேங்க் கார்டைப் பார்க்க வருவார், பஸ் போர்டைப் படிக்க வருவார்.

கேரளம் இதில் நம்மைவிட ஓர் அடி முன்னே இருக்கிறது. பெரும்பாவூரின் பிளைவுட் ஆலைகளில் வேலை செய்யும் வங்காள, அசாம், ஒடிசாத் தொழிலாளர்களுக்கு மலையாளம் கற்பிக்க அதன் எழுத்தறிவு மிஷன் 2017-ல் 'சங்ஙாதி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. திருப்பூரிலும் கோவையிலும் ஒரகடத்திலும் அதே தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். எச்சரிக்கைப் பலகை அவர்களுக்குத் தெரியாத மொழியில் தொங்குகிறது.

தலைக்கு 207 ரூபாய்

இப்போது நடப்பது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். 2022-23 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, 15 வயதைக் கடந்த ஐந்து கோடிப் பேருக்கு, மத்திய மாநிலப் பங்கு சேர்த்து 1,037.90 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சுமார் 207 ரூபாய். சொல்லிக்கொடுக்கிறவர் தன்னார்வலர், ஊதியம் கிடையாது. முன்பு இருந்த சாக்ஷர் பாரத் திட்டத்தில் ஊராட்சிக்கு இருவருக்கு மாதம் 2,000 ரூபாய் மதிப்பூதியமாவது இருந்தது. அது 2018 மார்ச்சோடு நிறுத்தப்பட்டது. ஊதியம் இல்லாமல் ஒரு மாதம் ஆர்வம் தாங்கும். ஆறு மாதம் தாங்க வேண்டும் என்றால், 1991-ல் இருந்தது போல் ஊரே சேர்ந்த ஓர் இயக்கம் பின்னால் இருக்க வேண்டும். அப்படி ஒன்று இன்று இல்லை.

வகுப்பின் முடிவில் வாசிப்புக்கு 50, எழுத்துக்கு 50, எண்ணுக்கு 50 என 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு. தேறியவருக்குச் சான்றிதழ். அதோடு கதை முடிந்துவிடுகிறது. ஆறு மாதம் எழுதாமல் விட்டால் எழுத்து கையை விட்டுப் போய்விடும் என்பது அறிவொளியில் வேலை செய்த எவரும் சொல்லக்கூடிய அனுபவம். பெரிய எழுத்தில் அச்சிட்ட சிறு புத்தகங்கள் வேண்டும், அவை ஊர்ப்புற நூலகத்தில் கிடைக்க வேண்டும், அந்த நூலகம் இரவு எட்டு மணிக்குத் திறந்திருக்க வேண்டும். வேலை அட்டை, வங்கிப் பாஸ்புக், குத்தகைப் பத்திரம் என அவரவர் கையில் இருக்கும் தாள்களே இரண்டாம் பாடநூல் ஆக வேண்டும். இதற்கெல்லாம் 207 ரூபாயில் இடம் இல்லை.

சூளையோ மில்லோ ஓட்டலோ நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்க இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள், அரை மணி நேரத்தைக் கூலி பிடிக்காமல் படிப்புக்கு விடுங்கள். கூலிக் கணக்கைத் தமிழில் எழுதி ஒரு நகலை ஆளுக்குக் கொடுங்கள். வீட்டில் வேலைக்கு ஆள் வைத்திருக்கும் நமக்கும் இது பொருந்தும். லீவு பிடித்த கணக்கு நம் காலண்டரில் மட்டும்தானே இருக்கிறது?

சொல்லிக்கொடுக்க விருப்பம் உள்ளவர்கள் அருகிலுள்ள அரசுத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். மையம் எங்கே நடக்கிறது, எங்கே ஆள் இல்லாமல் நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும். பட்டம் வேண்டியதில்லை. போகும்போது நாலைந்து வெள்ளெழுத்துக் கண்ணாடிகளையும் வாங்கிக்கொண்டு போங்கள். திட்டத்தின் காலம் 2027 மார்ச்சோடு முடிகிறது.